களைப்பின் கணக்கு

வையம்பட்டி பேருந்து நிறுத்தத்தில் இருவர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வீடு அரை கிலோமீட்டர் தூரம். ஒருவர் சாதாரணமாக நடப்பவர். மற்றவர் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் வந்து, காலில் கேலிப்பர் மாட்டி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி நடப்பவர். இருவரும் வீடு வந்து சேர்கிறார்கள். முதலாமவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். இரண்டாமவர் திண்ணையில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான், ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை.

பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "கொஞ்ச தூரம் நடந்ததுக்கே இப்படியா? தினமும் நடந்து பழகினா சரியாயிடும்." இன்னும் சிலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சோம்பேறி!

நரம்பு பாதித்த உடலின் களைப்பு சோம்பலா, நோயா, அல்லது வேறு ஏதாவதா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் பதில் தேடத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. "ஓய்வெடு" என்று ஒரு காலம் சொன்னது, "உழை" என்று அடுத்த காலம் சொன்னது. மறுபடியும் "ஓய்வெடு" என்றது. இந்த ஊசலாட்டத்தின் வரலாற்றில் நம் கொல்லிமலைக்கும் வேலூருக்கும் முக்கியமான இடம் உண்டு.

படுத்தே கிட

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் களைப்பு ஒரு நாகரிக நோயாகவே இருந்தது. 1869இல் ஜார்ஜ் பியர்டு என்ற அமெரிக்க மருத்துவர் அதற்கு 'நியூராஸ்தீனியா' என்று பெயர் சூட்டினார். நரம்பில் உள்ள சக்தி வற்றிப்போவதுதான் இந்த நோய் என்பது அவர் கருத்து. அதே காலத்தில் வெயர் மிட்செல் என்ற இன்னொரு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 'ஓய்வுச் சிகிச்சை' ஒன்றைப் பிரபலமாக்கினார். வாரக்கணக்கில் படுக்கை, நிறையப் பால், நிறையக் கொழுப்பு. எழுந்து நடக்கக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை தரப்பட்டது. படுத்துக்கிடந்தால் தசை மெலியும் என்பதற்காக மசாஜும் மின்தூண்டலும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

களைப்பை அளந்து பார்க்க முடியும் என்று காட்டியவர் இத்தாலியின் ஆஞ்செலோ மோசோ. அவர் செய்த கருவி மிக எளியது. கையை அசையாமல் கட்டிவிட்டு, ஒரு விரலில் மட்டும் கயிறு மாட்டி எடையைத் தொங்கவிடுவார். விரலை மடக்கி மடக்கி எடையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் எடை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதை ஒரு முள் தாளில் கோடாகப் போடும். கோடுகள் போகப்போகக் குட்டையாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், மாணவர்களை நாள் முழுக்க வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த ஒரு பேராசிரியரின் விரலும் அன்று சீக்கிரம் தளர்ந்துபோனது. உடம்பால் எந்த வேலையும் செய்யாதபோதே! களைப்பு தசையில் மட்டும் இல்லை, மூளையிலும் நரம்பிலும் இருக்கிறது என்று மோசோ எழுதினார். 1891இல் அவருடைய 'களைப்பு' என்ற புத்தகம் வெளிவந்தது. தேர்வு எழுதிவிட்டு வந்து அப்படியே தூங்கிப்போகும் மாணவர்களுக்கு இது நல்ல சாட்சி.

இல்லை, பழகு

கிட்டத்தட்ட அதே நேரத்தில் சுவிட்சர்லாந்தில் ஹைன்ரிக் ஃபிரெங்கெல் என்ற மருத்துவர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரிடம் தண்டுவட நோய் உள்ள ஒருவர் வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் அவரால் முடியவில்லை. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது சரியாகத் தொட்டார். எப்படி என்று மருத்துவர் கேட்டார். சோதனையில் தோற்றது அவமானமாக இருந்தது, அதனால் வீட்டில் தினமும் பழகினேன் என்றாராம் அவர்!

நரம்பு கெட்ட பிறகும் பழக்கத்தால் சில அசைவுகளை மீட்கலாம் என்று ஃபிரெங்கெலுக்குப் புரிந்தது. மெதுவாக, எண்ணி, கவனித்துச் செய்யும் பயிற்சிகளை அவர் 1890இல் வெளியிட்டார். 'ஃபிரெங்கெல் பயிற்சிகள்' இன்றும் பிசியோதெரபி மாணவர்களின் பாடத்தில் இருக்கின்றன. அவர் வலியுறுத்திய ஒரு விதியை மட்டும் பலர் மறந்துவிட்டார்கள்: களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

உடலும் கடன் வாங்கும்

வணிகவியல் படிப்பவர்களுக்கு அடுத்த பகுதி பிடிக்கும். இங்கிலாந்தின் ஏ. வி. ஹில் முதலில் கணிதம் படித்தவர், ஓட்டத்தில் ஆர்வம் உள்ளவர். தசை வேலை செய்யும்போது வெளிப்படும் வெப்பத்தை அளந்த ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹோஃபுடன் பகிர்ந்துகொண்டார்.

நாம் ஓடும்போது தசைக்குத் தேவையான ஆக்சிஜன் முழுவதும் உடனே கிடைப்பதில்லை. ஆனாலும் ஓட்டம் நிற்பதில்லை. எப்படி? தசை 'கடன்' வாங்கி ஓடுகிறது. ஓடி முடித்து நின்ற பிறகு மூச்சு வாங்குகிறதே, அது கடனை அடைக்கும் வேலை. ஹில் இதற்கு 'ஆக்சிஜன் கடன்' என்றே பெயர் வைத்தார். உள்ளே நடக்கும் ரசாயனம் ஹில் நினைத்ததைவிடச் சிக்கலானது என்று பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனால் உடலின் உழைப்பை வரவு செலவாகப் பார்க்கும் பழக்கம் அவர் காலத்தில்தான் வேரூன்றியது.

இந்த ஹில்லுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1943–44இல் அவர் இந்தியா வந்து சுற்றிப்பார்த்து, இந்நாட்டில் அறிவியல் ஆராய்ச்சி எப்படி அமையவேண்டும் என்று அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்.

செலவை அளக்க ஒரு பெரிய பை போதுமானதாக இருந்தது. மூச்சை வெளியே விடும்போது அதை ஒரு பையில் பிடித்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 1911இல் டக்ளஸ் என்பவர் உருவாக்கியதால் அதற்கு 'டக்ளஸ் பை' என்று பெயர். இப்படி அளந்ததில் ஒரு சராசரி கிடைத்தது. ஆரோக்கியமான ஒருவர் தன் இயல்பான வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடக்கும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 12 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது.

நரம்பு பாதித்தவர்களை அளந்தபோதுதான் ஆச்சரியம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர் நிமிடத்துக்குச் செலவழிக்கும் ஆக்சிஜன் மற்றவர்களைவிடப் பெரிதாக அதிகம் இல்லை! காரணம் எளிது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். சம்பளம் கட்டுப்படியாகும் அளவுக்குச் செலவைச் சுருக்கும் குடும்பத்தலைவி போல, உடல் தானாகவே மெதுவாகிவிடுகிறது. ஆனால் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு மீட்டர் கணக்கைப் பார்த்தால் உண்மை வெளியே வருகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் அவர் கொடுக்கும் விலை மிக அதிகம்.

இந்த 'அலகு அடக்க விலை'யைக் கண்டுபிடிக்கப் பையும் கருவியும் வேண்டாம், நாடித்துடிப்பே போதும் என்று மெக்ரெகர் என்பவர் 1979 வாக்கில் ஒரு வழி சொன்னார். நடக்கும்போது உள்ள நாடித்துடிப்பிலிருந்து ஓய்வில் உள்ள துடிப்பைக் கழிக்கவேண்டும். வருவதை நடக்கும் வேகத்தால் வகுக்கவேண்டும். அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஓய்வில் 70 துடிப்பு, நடக்கும்போது 98, வேகம் நிமிடத்துக்கு 80 மீட்டர். 28ஐ 80ஆல் வகுத்தால் 0.35. அதாவது ஒரு மீட்டருக்கு 0.35 துடிப்பு கூடுதல் செலவு. கேலிப்பர் போட்டவருக்கு ஓய்வில் 76, நடக்கும்போது 116, வேகம் 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 40ஐ 25ஆல் வகுக்கவேண்டும். விடை 1.6. நாலரை மடங்கு! வையம்பட்டியில் அந்த இருவரும் நடந்த அரை கிலோமீட்டர் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கொடுத்தது உள்ளூர் டிக்கெட், மற்றவர் கொடுத்தது சென்னை வரைக்குமான டிக்கெட்.

கட்டுப்போடுவதா, அசைப்பதா

இளம்பிள்ளை வாதத்தில் இந்த விவாதம் பெரிய சண்டையாகவே நடந்தது. போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களைக் கொல்கிறது. கட்டளை போகாத தசை சூம்பிப்போகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வழக்கமான சிகிச்சை, கை கால்களை மாதக்கணக்கில் சட்டம் வைத்துக் கட்டி அசையாமல் வைப்பது. தளர்ந்த தசையை வேலை வாங்கினால் அது இன்னும் கெடும் என்ற பயம்தான் காரணம்.

ஆஸ்திரேலியாவின் குக்கிராமங்களில் வேலை பார்த்த எலிசபெத் கென்னி என்ற செவிலிப் பெண் இதை எதிர்த்தார். கட்டை அவிழ்த்து, வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, மெல்ல மெல்லத் தசைகளை அசைக்கவைத்தார். அவருக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. அதனால் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். 1940இல் அவர் அமெரிக்கா போனார். 1942இல் மினியாபோலிஸ் நகரில் அவர் பெயரில் ஒரு சிகிச்சை நிலையமே எழுந்தது. நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கங்கள் பல நிற்கவில்லை, ஆனால் அவருடைய முறை நின்றது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1921இல், 39 வயதில், இரண்டு கால்களும் விழுந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றில் பயிற்சி செய்தார், பிறகு அந்த இடத்தையே வாங்கிச் சிகிச்சை மையமாக்கினார். இரும்புக் கேலிப்பர் மாட்டி, மகன் கையைப் பிடித்து, மேடையில் சில அடிகள் 'நடந்து' காட்டுவார். ஊர் பார்த்தது அந்தச் சில அடிகளை மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த களைப்பைப் பார்த்தவர்கள் வீட்டார் மட்டுமே. 'முயன்றால் முடியும்' என்ற பாடம் இப்படித்தான் உலகமெங்கும் பரவியது. நல்ல பாடம்தான், ஆனால் பாதிப் பாடம்.

கொல்லிமலைப் பிள்ளை

மீதிப் பாதியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மதப்பணி செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளின் கைகளைக் காட்டினார். விரல்கள் மடங்கி நகம் போல வளைந்திருந்தன. ஆனால் அப்படிப்பட்ட ஒரு கையைப் பிராண்ட் பற்றியபோது, அந்தக் கை அவர் கையை இறுக்கி நெரித்துவிட்டது! அப்படியானால் தசையில் பலம் மிச்சம் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி சில நரம்புகளைத்தான் கெடுக்கிறது, வேறு சிலவற்றை விட்டுவைக்கிறது என்று அவருக்கு விளங்கியது. நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செத்துப்போன தசை செய்துவந்த வேலைக்கு மாற்றிவிட்டால் என்ன? 1948இல் அந்த அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்கினார். அறுவை முடிந்த பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. வேறு வேலைக்குப் பழகிய தசைக்குப் புது வேலையைச் சொல்லிக்கொடுக்கவேண்டுமே.

பிராண்ட் கண்ட இன்னொரு உண்மைதான் இங்கே முக்கியம். தொழுநோயாளியின் விரலும் பாதமும் அழுகி விழுவது கிருமி தின்பதால் இல்லை, உணர்ச்சி இல்லாததால். சாதாரணமாக நாம் நீண்ட தூரம் நடந்தால் பாதம் வலிக்கும், நம்மை அறியாமலேயே நடையை மாற்றுவோம், நொண்டுவோம், உட்காருவோம். உணர்ச்சி போன பாதம் நொண்டுவதில்லை. அதே இடத்தில் அதே அழுத்தம் விழுந்துகொண்டே இருந்து கடைசியில் புண்ணாகிறது. ஆகவே வலியும் சோர்வும் எதிரிகள் அல்ல, காவலாளிகள் என்று அவர் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். 2003இல் மறைந்தார்.

சக்கர நாற்காலி டாக்டர்

பிராண்டின் வேலூரில்தான் மேரி வர்கீஸ் படித்தார். கொச்சியில் 1925இல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1954 ஜனவரியில் ஒரு வேன் விபத்து. முகம் கிழிந்தது, தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. வயது 28.

அந்தக் காலத்தில் தண்டுவடம் முறிந்தால் என்ன நிலைமை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து இறந்துபோவார்கள் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கி, நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்து, உட்காரவைத்து, விளையாடவும் வைத்தார். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. இந்தியாவில் அப்படி எதுவும் அப்போது கிடையாது.

மேரி வர்கீஸுக்குப் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். தொழுநோயாளிகளின் கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். நிற்கவேண்டிய அவசியம் இல்லை. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த அறுவைகளைச் செய்யத் தொடங்கினார். இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக்கூடாது. 'எழுந்து நின்றால்தான் மருத்துவர்' என்று பிடிவாதம் பிடித்திருந்தால், இருந்த சக்தி முழுவதும் நிற்பதற்கே செலவாகியிருக்கும். நிற்பதை விட்டுவிட்டதால் அறுவை செய்வதற்குச் சக்தி மிஞ்சியது.

இதைப் பிற்கால அளவீடுகளும் உறுதிசெய்தன. இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர் கேலிப்பரும் ஊன்றுகோலுமாக உடலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க ஆகும் செலவு மிகக் கடுமையானது. அதே ஆள் சமதளத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால், ஆகும் செலவு சாதாரண மனிதர் நடப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். சக்கர நாற்காலியைத் 'தோல்வியின் சின்னம்' என்று நினைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. கணக்குப் பார்த்தால் அது சிக்கனத்தின் சின்னம்.

மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடமும் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். வேலூர் திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளாகத் தங்கி, சட்டை போடுவதிலிருந்து வேலைக்குப் போவதுவரை கற்றுக்கொள்ளும் இடம். இந்தியாவில் அந்த வகையில் அது முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

முப்பது வருடம் கழித்து வரும் கடிதம்

மறுபடியும் போலியோவுக்கு வரவேண்டும். 1875இல் பாரிஸில் ரேமோன் என்ற மருத்துவர் 19 வயது இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதினார். குழந்தையாக இருந்தபோது போலியோ வந்தவன், தோல் பதனிடும் வேலை செய்தவன். நோய் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துத் தோளும் கையும் இப்போது தளர்ந்துகொண்டு வந்தன. உடல் உழைப்பு அதிகமானதே காரணமாக இருக்கலாம் என்று புகழ்பெற்ற நரம்பியல் மேதை ஷார்கோ கருத்துச் சொன்னார். பிறகு இதைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நூறு வருடம் கழித்து, 1980களில், அமெரிக்காவில் பழைய போலியோ நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவரிடம் வந்தார்கள். கேலிப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தியவர்கள். "முன்னைவிட அதிகமாகக் களைக்கிறது, நல்ல காலும் தளர்கிறது" என்றார்கள். பலருக்கு 'மனப்பிரமை' என்ற பதில்தான் கிடைத்தது. 1984இல் அதே வார்ம் ஸ்பிரிங்ஸில் மருத்துவர்கள் கூடி இதைப் பற்றி விவாதித்தார்கள். 'போலியோ பிந்தைய நோய்க்குறி' என்ற பெயர் நிலைத்தது.

காரணத்தை மணப்பாறைச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். பத்து ஜோடி மாடுகள் பத்து வண்டியை இழுத்துக்கொண்டிருந்தன. கோமாரி வந்து ஏழு ஜோடி செத்துப்போயின. மிச்சம் உள்ள மூன்று ஜோடிகளின் கழுத்தில் பத்து வண்டிப் பாரத்தையும் கட்டினால்? நல்ல மாடுகள், இழுத்துவிடும். ஊரும் 'பரவாயில்லையே' என்று மெச்சும். ஆனால் எத்தனை வருடம்? போலியோவில் தப்பிப் பிழைத்த நரம்புச் செல்கள் புதிய கிளைகள் விட்டு, அநாதையான தசை நார்களையும் தத்தெடுத்துக்கொள்கின்றன. ஒரு செல் பல மடங்கு தசை நார்களுக்குக் கட்டளை கொடுக்கிறது. குழந்தை எழுந்து நடப்பது இதனால்தான். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கிளைகள் தாங்கமுடியாமல் உதிரத் தொடங்குகின்றன. நரம்பு குறைந்த தசையை அளவுக்கு மீறி உழைக்கவைத்தால் அது பலவீனமடையும் என்று பென்னெட்டும் நோல்டனும் 1958லேயே எழுதியிருந்தார்கள்.

இது நமக்கு ஏன் முக்கியம்? தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார், 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது. வேலூரின் டாக்டர் ஜேக்கப் ஜான், மேலைநாட்டில் மூன்று முறை கொடுத்தால் போதும் என்ற சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று 1970களிலேயே காட்டியவர். அந்த உழைப்பெல்லாம் சேர்ந்து வந்த வெற்றி இது. ஆனால் 1970களிலும் 80களிலும் நோய் வந்த குழந்தைகள் எங்கே? அவர்கள்தான் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் எஸ்.டி.டி. பூத் வைத்து, தையல் கடை வைத்து, பிறகு ஜெராக்ஸ் கடைக்கு மாறி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். வைரஸ் போய்விட்டது. பில் இப்போதுதான் வருகிறது.

அப்படியென்றால் உடற்பயிற்சியே கூடாதா?

கூடும். இங்கேதான் வரலாறு ஒரு சமநிலைக்கு வந்தது. 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' நோயாளிகள் சிலருக்கு உழைத்த பிறகு பார்வை மங்குவதைக் கவனித்தார். உழைப்பால் உடம்பு சூடேறுவதே காரணம் என்று பிறகு தெரிந்தது. உறை கிழிந்த கம்பியில் மின்சாரம் கசிவது போல, உறை போன நரம்பில் சூடு ஏறினால் செய்தி தடைபடுகிறது. உடம்பு குளிர்ந்ததும் பார்வை திரும்பிவிடும். ஆனாலும் இந்தப் பயத்தால் அந்த நோயாளிகளை நீண்ட காலம் உடற்பயிற்சி செய்யாமலே வைத்திருந்தார்கள். 1996இல் அமெரிக்காவில் பெட்டஜான் குழுவினர் அவர்களுக்கு 15 வாரம் அளவான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோய் கூடவில்லை, உடல் தகுதி கூடியது.

களைப்புக்கு மதிப்பெண் போடும் முயற்சியும் வந்தது. 1989இல் லாரன் கிரப் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒன்பது வாக்கியம் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை நோயாளியே மதிப்பெண் போடவேண்டும். கருவி சொல்லாததை ஆள் சொல்லட்டும் என்ற முடிவு அது.

இன்று மருத்துவர்கள் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

– படுத்தே கிடந்தால் உள்ள மூலதனமும் கரையும். ஆகவே பயிற்சி வேண்டும்.
– நரம்பு குறைந்த தசையை நடுங்கும்வரை வேலை வாங்கக்கூடாது. சிறிது நேரம், இடையில் ஓய்வு, மறுபடி சிறிது நேரம்.
– மறுநாளும் களைப்பு தீரவில்லை என்றால் நேற்றைய அளவு அதிகம் என்று பொருள்.
– திருச்சி வெயிலில் மதியம் பயிற்சி வேண்டாம். காலையோ மாலையோ நல்லது.
– உட்கார்ந்து காய் நறுக்கலாம், உட்கார்ந்து குளிக்கலாம். மிச்சமாகும் சக்தி மாலையில் பிள்ளைகளோடு பேச உதவும்.

யாருக்கு எவ்வளவு என்பது நோயையும் ஆளையும் பொறுத்தது. அதை மறுவாழ்வு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆய்க்குடியின் இருவர்

இந்தச் சிக்கனத்தை வாழ்ந்து காட்டியவர்கள் தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கிறார்கள். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில், பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் சொந்த ஊரில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங்கின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரோடு சேர்ந்து சங்கத்தை வளர்த்தவர் எஸ். சங்கர ராமன், தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு ஆடிட்டர். கை கால் ஓயும் என்று தெரிந்த பிறகு, மிச்சம் உள்ள சக்தியை எதில் முதலீடு செய்வது என்று ஒரு ஆடிட்டரைவிட யாருக்குத் தெரியும்!

சான்றிதழில் இல்லாத வரி

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் உள்ளே வந்தன. பெரிய முன்னேற்றம்தான். 40 சதவீதம் இருந்தால் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு.

கை கால் குறைபாட்டில் அந்தச் சதவீதம் எப்படி வருகிறது? மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், கால் எவ்வளவு குட்டை என்று பார்க்கிறார்கள். காலை பத்து மணிக்கு, மேசை முன்னால், ஒரே ஒரு முறை. அதே காலை மாலை ஐந்து மணிக்கு அளந்தால் வேறு எண் வரும் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. கல்லூரியில் மூன்றாவது மாடியில் வகுப்பு வைத்துவிட்டு, "அவன்தான் ஏறி வந்துவிடுகிறானே" என்று சொல்பவர்கள், அவன் ஏறி வந்த பிறகு முதல் பாடவேளையில் எதுவும் காதில் ஏறாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில்லை.

வரவு குறைவாக உள்ளவன் எண்ணிச் செலவழித்தால் அவனைக் கெட்டிக்காரன் என்று ஊர் பாராட்டும். உடலின் வரவு குறைந்தவர் எண்ணி அடி வைத்தால் மட்டும் சோம்பேறி என்கிறது. அடுத்த முறை வையம்பட்டி நிறுத்தத்தில் கேலிப்பர் போட்ட ஒருவர் இறங்கினால், "நடந்தா நல்லதுங்க" என்று உபதேசம் செய்யவேண்டாம். வண்டி இருந்தால், "ஏறிக்கிறீங்களாண்ணே?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். அன்றைய கணக்கு அவருக்குத் தெரியும்.